தோரியத்துக்குப் பிறகு

பதினோரு வாரம் கழித்து ஆல்வின் டிரெம்பத்தின் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான சொல் 'நிக்கல்'.

தெல்மா அப்போது சமையலறை மேசையில் முட்டைக்கோஸ் துருவிக்கொண்டிருந்தாள். மகள் நிகோலா வருகிற நாளெல்லாம் அந்த வீட்டில் முட்டைக்கோஸும் கேரட்டும் சீஸும் துருவிக் கலந்த சாலட் இருந்தாக வேண்டும். அடிலெய்டில் இதை ஒருத்தருக்கும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்பது நிகோலாவின் தீராத புகார். ஐந்நூறு கிலோமீட்டர் கார் ஓட்டி வந்தவள், தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் பின்பக்கத்து வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சன்னலோர நாற்காலியில் இருந்த ஆல்வின் தலையைத் திருப்பினார்.

"நிக்கல்," என்றார்.

தெல்மாவின் கை அப்படியே நின்றது. பக்கவாதம் வந்து, அவரை விமானத்தில் அடிலெய்டுக்குக் கொண்டுபோய், ஆறு வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பிய நாளிலிருந்து அவரிடம் இருந்தது இரண்டே சொல். ஒன்று 'ஆமா'. இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்திலும் அதுவே வரும், தலைதான் மாற்றி ஆடும். இன்னொன்று, சுரங்கத்தில் காலில் கல் விழுந்தவன் சொல்கிற கெட்ட வார்த்தை. பாதிரியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டு எழுந்தபோது அவருக்குக் கிடைத்தது அந்த இரண்டாவது சொல்தான்.

"நிக்கல். கோபால்ட்." மூச்சு வாங்கிக்கொண்டார். வலப்பக்கம் தொங்கிப்போயிருந்த வாயிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் இழுபட்டுத்தான் வந்தது. "லாந்தனம்."

"ஐயோ பாவம். பழைய வேலை ஞாபகம் வந்துடுச்சு போல," என்றாள் தெல்மா.

நிகோலா தோளிலிருந்த பையைக் கீழே விட்டாள். தரையில் உட்கார்ந்து அப்பாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நாற்பத்துமூன்று வயதுப் பெண், ஒரு பல் மருத்துவமனையையே மேய்த்து நடத்துகிறவள், சின்னப் பிள்ளை மாதிரி தோள் குலுங்கினாள்.

"அம்மா, அவரு என்னைக் கூப்பிடுறாரு. உனக்குத் தெரியலையா? நி, கோ, லா. என் சாப்பாட்டுப் பையில எழுதுவாரே."

அப்போதுதான் தெல்மாவுக்குப் பிடிபட்டது. தனிமம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒன்றோ இரண்டோ எழுத்தில் ஒரு சுருக்கக் குறி இருக்கிறது. நாற்பத்தோரு வருஷம் சுரங்கத்தின் பரிசோதனைக்கூடத்தில் கல்லைப் பொடித்து, உருக்கி, அதில் வெள்ளி எவ்வளவு, ஈயம் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று எழுதித் தள்ளிய ஆல்வினுக்கு, அந்தக் குறிகளைக் கோத்துப் பெயர் எழுதுவது ஒரு கிறுக்கு. மகளுக்குக் கட்டிக் கொடுக்கிற பழுப்புக் காகிதப் பையில் பன்னிரண்டு வருஷம் மூன்று கட்டம் போட்டு நிக்கல், கோபால்ட், லாந்தனத்தின் குறிகளை எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். பிறகு எங்களுக்கும் எழுதித் தரச் சொல்லு என்று கேட்டார்கள்.

வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் பிரையனி. இருபத்தாறு வயது, ஊருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"இப்படி நடக்கும்னு படிச்சிருக்கேன் தெல்மா, பார்த்ததில்ல. ஒண்ணு ரெண்டு எண்ணுறது, கிழமை சொல்றது, பாட்டு, இதெல்லாம் சில பேருக்குத் தப்பிச்சுடும். இவருக்குத் தனிமங்க தப்பிச்சிருக்கு. ஆட்களோட பேருதான் ரொம்பக் கஷ்டம். அதுக்கு இவரே ஒரு கொல்லைப்புற வழி கண்டுபிடிச்சிருக்காரு பாருங்க."

கொட்டகையில் கிடந்த பழைய தனிம அட்டவணையை நிகோலா தேடி எடுத்து வந்தாள். ஓய்வு பெற்ற நாளில் ஆல்வின் பரிசோதனைக்கூடத்துச் சுவரிலிருந்து கழற்றி வந்தது. மூலையெல்லாம் அமிலம் பட்டு மஞ்சளாகியிருந்தது. அதைச் சமையலறைச் சுவரில், அவருடைய இடது கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு புரூனோ. சின்ன வயதிலிருந்து சிநேகிதம். அவர் கீழே கல்லை உடைப்பார், ஆல்வின் மேலே அதைப் பொடிப்பார். ஆல்வினின் ஆள்காட்டி விரல் அட்டவணையில் வலது மூலைக்குப் போயிற்று, நடுவுக்கு வந்தது, அடி வரிசைக்கு இறங்கியது.

"போரான். ருத்தேனியம். நோபிலியம்."

"டேய், அது நானா?" புரூனோ தொப்பியைக் கழற்றிவிட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "மூணும் நல்ல சரக்குதானே?"

"நோபிலியம் கதிர்வீச்சு மாமா. பக்கத்துல நிக்கக் கூடாது," என்றாள் நிகோலா.

"என் பொண்டாட்டியும் அதைத்தான் சொல்றா."

ஆல்வின் சிரித்தார். முகத்தின் ஒரு பாதிதான் சிரித்தது, ஆனாலும் சத்தம் பழைய சத்தம். தெல்மா தேநீர்க் கெண்டியை எடுக்கிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டாள். இந்தச் சத்தத்தை இனிமேல் கேட்கப்போவதில்லை என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள்.

புரூனோ கிளப்பில் போய்ச் சொல்லி, அவர்கள் குடியிருந்த கோபால்ட் தெருவில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. தங்கள் பெயர் அதில் வருகிறதா என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். தபால்காரன் காலின் வந்தான், கிடைத்தது. எதிர்வீட்டு ஜேனட் வந்தாள். ஜே என்ற எழுத்தே அட்டவணையில் கிடையாது என்று தெரிந்ததும், "என் மாமியார் அப்பவே சொன்னா, என்னை எதுலயும் சேர்க்க முடியாதுன்னு" என்று சொல்லிவிட்டுக் கொண்டுவந்திருந்த கேக்கை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாவது வாரம் பிரையனி வந்தபோது ஆல்வின் அவளுக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தடவைகூடத் தடுக்காமல் சொன்னார்: "புரோமின். இட்ரியம். ஆக்சிஜன். நைட்ரஜன். இட்ரியம்." அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெல்மா தன் முறைக்குக் காத்திருந்தாள். காத்திருப்பதாக யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. தன் பெயர் அதில் கிடைக்காது என்பது அவளுக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலம் அது. நாள் முழுக்க யார் யார் பெயரையோ கேட்டுக் கம்பியைச் செருகி இணைத்துக் கொடுப்பாள். ஒரு சனிக்கிழமை நடனத்தில் கூட ஆடிய பையன், அடுத்த சனிக்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "உன் பேரைத் தேடிப் பார்த்தேன். தோரியத்தோட நின்னுபோச்சு," என்றான். என்ன உளறுகிறான் என்றே அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு வாரம் முழுக்கத் தன் பெயரை ஒருவன் எங்கேயோ தேடியிருக்கிறான் என்பது மட்டும் புரிந்தது. அதற்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். கல்யாணமான பெண் வேலை பார்க்கக் கூடாது என்று அந்த ஊர்த் தொழிற்சங்கம் அப்போது வைத்திருந்த சட்டப்படி தொலைபேசி வேலையையும் விட்டாள்.

அது வேடிக்கையாக இருந்த காலம். இப்போது வேடிக்கையாக இல்லை.

தினமும் காலையில் அவருக்கு முகம் துடைத்து, சட்டை மாற்றி, நாற்காலியை அட்டவணைக்குப் பக்கத்தில் தள்ளுவாள். அவர் அவளை நிமிர்ந்து பார்ப்பார். விரல் அடி வரிசைக்குப் போகும். "தோரியம்," என்பார். ஆங்கிலத்தில் தெல்மா என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துதான் அதன் குறி. அடுத்த எழுத்துக்கு விரல் கிளம்பும். அந்த எழுத்தில் தனியாக ஒன்றும் கிடையாது, அதற்கடுத்ததைச் சேர்த்தாலும் கிடையாது. விரல் மேலே போகும், பக்கத்தில் போகும், திரும்பித் தோரியத்துக்கே வரும். நேற்று இல்லாதது இன்று இருக்குமோ என்று பார்ப்பதுபோல மறுபடியும் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் கையை மடக்கி நாற்காலிப் பிடியில் குத்த ஆரம்பிப்பார். கண்ணில் தண்ணீர் வரும்.

"விடு ஆல்வின். எனக்குத் தெரியும் நான் யாருன்னு," என்பாள் அவள்.

அவர் விடமாட்டார்.

ஒரு நாள் வேலிக்கு அந்தப்புறம் நின்ற புரூனோவிடம் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். "ரெண்டு மாசம் பழகின பொண்ணுக்கு அஞ்சு தனிமம். நாப்பத்தெட்டு வருஷம் இவரு காலுறையைத் துவைச்சவளுக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் பாதியில நிக்குது."

"எனக்கும் மூணுதான்," என்றார் புரூனோ. அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும், "தெல்மா, அவன் தேடுறான்ல," என்றார்.

"தேடிட்டு அழறாரு. அதை நீ உட்கார்ந்து பாரு தினமும்."

அடுத்த முறை வந்தபோது நிகோலா ஒரு யோசனையோடு வந்தாள். அம்மாவுக்கு அட்டவணையில் கிடைக்கிற மாதிரி வேறு ஒரு செல்லப் பெயர் வைத்துவிட்டால் என்ன? சுலபமானது, இரண்டே கட்டம்: நீனா. நிக்கலும் சோடியமும்.

"அப்பா, இங்க பாரு. அம்மாவைக் கூப்பிடணும்னா நிக்கல், சோடியம். நீனா. சரியா?"

ஆல்வின் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு தன்னிடமிருந்த இரண்டாவது சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

தெல்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல வாரத்தில் முதல் தடவை. "நல்லதாப் போச்சு. நீனான்னு கூப்பிட்டா நானும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்," என்றாள்.

ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. வெளியே மேற்கிலிருந்து புழுதி கிளம்பி வானம் செங்கல் நிறமாகியிருந்தது. சன்னல் கீழெல்லாம் ஈரத்துணி திணித்துவிட்டு மூவரும் சமையலறையிலேயே இருந்தார்கள். தகரக் கூரை முனகிக்கொண்டிருந்தது. அடுப்பில் வேகிற கோழியோடு சேர்க்க நிகோலா உருளைக்கிழங்கு சீவினாள். தெல்மா அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். செயலற்ற வலது கையை முடித்துவிட்டு இடது கையைப் பிடித்தபோது, அவர் அதை விடுவித்துக்கொண்டு அட்டவணை பக்கம் நீட்டினார்.

வழக்கம்போல் தோரியம் என்று அவள் நினைத்தாள். விரல் அங்கே போகவில்லை. வலது ஓரத்தில் ஒரு கட்டத்தில் போய் நின்றது.

"அயோடின்." நடுவுக்கு வந்தது. "ரேனியம்." மறுபடி வலது ஓரம், மேலே. "நியான்."

சொல்லிவிட்டு அவர் நிகோலாவைப் பார்க்கவில்லை, தெல்மாவைப் பார்த்தார்.

நிகோலா உருளைக்கிழங்கும் கத்தியுமாக வந்து, குறிகளை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "ஐ. ஆர், ஈ. என், ஈ. ஐரீன்." அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "யாரும்மா ஐரீன்? அப்பாவோட பழைய ஆளா? கிளப்புல யாராவது?"

தெல்மா நகவெட்டியைக் கீழே வைத்தாள். அது மேசை விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது. அந்தப் பெயரை அந்த வீட்டுக்குள் ஒருவர் சத்தமாகச் சொல்லி நாற்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

"உன் அக்கா," என்றாள்.

அவள்தான் முதல் பிள்ளை. அறுபத்தைந்தாம் வருஷம் ஏப்ரல். இதயத்தில் ஓட்டை என்றார்கள். நகமெல்லாம் நீலம். ஒன்பது நாள் இருந்தது. தெல்மாவுக்குக் காய்ச்சல் கண்டு படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தபோது, ஆல்வின் தனியாகப் போய்ப் பிறப்பையும் இறப்பையும் ஒரே நாளில் பதிந்துவிட்டு, பாதிரியாரோடு போய் அடக்கமும் செய்துவிட்டு வந்தார். பெயர் என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். ஐரீன் என்றார். ஏன் அந்தப் பெயர் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது தொட்டில் கொட்டகைக்குப் போயிருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பேசாதே, பேசினால் ஆறாது, சீக்கிரம் இன்னொன்றைப் பெற்றுக்கொள். அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் அதுதான் வைத்தியம். ஆல்வின் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒருமுறை, நிகோலா வயிற்றில் இருந்தபோது, தெல்மா அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர் வேலைக்குப் போன பிறகு தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போய்வந்தாள். அங்கே கல் கிடையாது, எண் அடித்த ஓர் இரும்பு முளை மட்டும்தான். எண் அவளுக்கு மனப்பாடம்.

இதையெல்லாம் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். நிகோலா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எனக்கு நாப்பத்திமூணு வயசும்மா," என்றாள் கடைசியில். குரல் கடினமாக இருந்தது. "ஸ்கூல்ல, ஆஸ்பத்திரில, எல்லா இடத்துலயும் கூடப்பிறந்தவங்கங்கிற கட்டத்துல கோடு போட்டே வளர்ந்திருக்கேன். ஒத்தைப் பிள்ளை ஒத்தைப் பிள்ளைன்னு ஊரே சொல்லுச்சு. நீ பக்கத்துல நின்னு தலையாட்டினே."

"உனக்கு எதுக்கு அந்தப் பாரம்னு..."

"எனக்குன்னு சொல்லாத. உங்க ரெண்டு பேருக்காகன்னு சொல்லு."

அவள் எழுந்து பழைய தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோழி அடுப்பிலேயே கருகியது.

தெல்மா நாற்காலியை இழுத்து ஆல்வினுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள். புழுதி வெளிச்சத்தில் அவர் முகம் சிவந்து தெரிந்தது.

"அந்தப் பேரு இதுல வருதுன்னுதான் வெச்சியா?"

தலையும் ஆமாம் என்றே ஆடியது. "ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அதற்கு அவரிடம் சொல் இல்லை. அவளுக்கே தெரியும், இல்லை என்று. ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்வியாகக் கேட்டாள்.

"அடக்கம் பண்ணின நாளுக்கப்புறம் ஒரு தடவையாவது அங்க போனியா?"

"ஆமா," என்று வாய் சொன்னது. தலை இல்லை என்று ஆடியது. போகவில்லை. ஒரு தடவைகூட.

"நான் வருஷா வருஷம் போனேன். உனக்குத் தெரியுமா?"

அதற்கும் தலை இல்லை என்றது.

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்," என்றாள் தெல்மா. "சரியா வராத கல்லைத் தூக்கிப் போடுற மாதிரி தூக்கிப் போட்டுட்டேன்னு. அந்தக் கோபத்தோடதான் உனக்கு இத்தனை வருஷமா சமைச்சுப் போட்டேன். தெரியுமா உனக்கு?"

ஆல்வினின் கை மறுபடி அட்டவணைக்குப் போயிற்று. அயோடின், ரேனியம், நியான். சொல்லவில்லை, தொட மட்டும் செய்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை. தெல்மா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிடித்தவுடன் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கோபமும் இருந்தது, கையையும் விடவில்லை. நகம் இன்னும் நான்கு விரலுக்கு வெட்ட வேண்டியிருந்தது. குனிந்து நகவெட்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை புழுதி அடங்கியிருந்தது. நிகோலா வீங்கிய கண்ணோடு வந்து, "எங்க இருக்கா? காட்டு," என்று மட்டும் கேட்டாள்.

புரூனோவும் கூட வந்தார். கல்லறைத் தோட்டத்தில் சரளைக்கல்லில் சக்கர நாற்காலி புதைந்து புதைந்து நின்றது. புரூனோ பின்னாலிருந்து தள்ளினார், நிகோலா முன்னாலிருந்து இழுத்தாள். வேலியோரம், சின்னக் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிய வரிசை. அந்த இரும்பு முளைக்கு முன்னால் தெல்மா நின்றாள்.

"இதுதான்."

ஆல்வின் பெயரைச் சொல்வார் என்று நிகோலா எதிர்பார்த்தாள். அட்டவணையைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து தரையைத் தொட முயன்றார், எட்டவில்லை. தெல்மாவுக்குப் புரிந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். சிவப்பு மண், நடுவே மின்னுகிற சில துகள்கள். அவர் கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். மூக்குக்கு அருகே கொண்டுபோனார். பரிசோதனைக்கூடத்தில் எந்தக் கல் வந்தாலும் அவர் முதலில் செய்கிற காரியம் அது. அப்புறம் விரல்களை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போதும் கை திறக்கவில்லை. வாசலில் இறக்குகையில் புரூனோ மெதுவாக, "டேய், அதை எங்கயாவது போடுடா," என்றார். அவர் போடவில்லை. தெல்மா ஒரு காப்பிக் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில்தான் கொட்டினார்.

அதற்குப் பிறகும் காலையில் அவர் தோரியத்தில்தான் தொடங்கினார். மாறியது தெல்மாதான். விரல் அடுத்த கட்டத்தைத் தேடிக் கிளம்புவதற்கு முன்பே, "ம், சொல்லு," என்று பதில் கொடுத்துவிடுவாள். முதல் சில நாள் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கையை உதறிவிட்டு மறுபடி தேடினார். பிறகு சில நாள் அதோடு நிறுத்திக்கொண்டார், சில நாள் நிறுத்தவில்லை. நிறுத்தாத நாளில் அழுதார். அவள் துடைத்துவிட்டாள். ஐரீன் என்று இன்னும் நாலைந்து தடவை சொல்லியிருப்பார். அப்போதெல்லாம் தெல்மா அந்தக் குழந்தையைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்வாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பார்த்திராதது நிறைய இருந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தை இருந்த அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததுதான்.

செப்டம்பர் கடைசியில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. தெல்மா கொல்லையில் போர்வையை உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து பார்த்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அடுப்பில் தண்ணீர்க் கெண்டியை வைத்தாள். தண்ணீர் கொதித்து விசில் அடித்தும் அவர் திரும்பவில்லை. அப்போதுதான் பக்கத்தில் போனாள்.

அடக்கத்துக்கு ஊரில் பாதி வந்தது. பிரையனி பின்வரிசையில் நின்று அழுதாள். சவப்பெட்டிமேல் அவர் பெயரைத் தனிமக் குறிகளில் எழுதலாம் என்று நிகோலா சொன்னாள். ஆல்வின் என்ற பெயர் நான்கு குறியில் முழுதாக வரும். தெல்மா வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டபோது, "எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது. அவர் போதுமான அளவு மறைச்சு எழுதிட்டாரு," என்றாள்.

இறப்புச் சான்றிதழுக்காக நிரப்பிய தாளில் பிள்ளைகள் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதினாள் தெல்மா. எழுத்துக்கூட்டி, நிதானமாக. மேசைக்கு அந்தப்புறம் இருந்த அலுவலர் மூத்த மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். "இந்த ஊர்லதான்," என்றாள்.

அடுத்த ஏப்ரலில் நிகோலா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த முறை தெல்மா தனியாக நடந்து போகவில்லை. காரில் போனார்கள். வேலியோரத்து வரிசையில் இரும்பு முளைக்குப் பக்கத்தில் புதுக் கல் ஒன்றை நட்டிருந்தார்கள். அதில் பெயரும் இரண்டு தேதியும் மட்டும். காற்றே இல்லாத நல்ல வெயில். நிகோலா மடக்கு நாற்காலி இரண்டைக் கொண்டுவந்து விரித்தாள். பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றினாள்.

"அம்மா," என்றாள் நிகோலா. "அப்பா கடைசி வரைக்கும் உன் பேரைச் சொல்லாமலே போயிட்டாரேன்னு உனக்கு இருக்கா?"

"இருக்கு," என்றாள் தெல்மா. "இல்லாம எப்படி?"

நிகோலா தலையாட்டினாள். கல்லின்மேல் படிந்திருந்த புழுதியைக் கையால் துடைத்தாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்து யோசித்துக் கேட்கிறவள்போல, "அக்கா எப்படி இருப்பா?" என்றாள்.

தெல்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இடது காது மேல்பக்கம் மடிஞ்சிருக்கும்," என்றாள். "வயித்துல படுத்த வாகு அப்படி. நான் விரலால நீவி நீவி விடுவேன், மறுபடி மடிஞ்சுக்கும். முடி நிறைய. உனக்கு மொட்டை, அவளுக்கு நிறைய. அழவே மாட்டா, அழறதுக்குத் தெம்பு கிடையாது. ஆனா விக்கல் வரும். பால் குடிச்சதும் விக்கல் வரும், வந்துட்டா அவளுக்கே அது என்னன்னு புரியாம முழிப்பா பாரு..."